ஆறரை அடிக் கூடும் ஐந்தடி வண்டியும்

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு எஹலியகொடவிலிருந்து கிளம்பினோம். வெறும் தூறல்தான். ஆனால் இப்போதெல்லாம் தூறலுக்கே நான் வானத்தை அண்ணாந்து பார்க்கிறேன். நான் பயந்தவள், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் வீட்டுக்காரர் ராஜு எதற்கும் பயப்படாதவர் என்று பஜார் முழுக்கப் பெயர் வாங்கியிருக்கிறார். அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் பயந்துகொண்டிருக்கிறேன்.

எங்களுக்கு ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை. கடைக்கென்று ஒரு டபுள் கெப் வண்டி. முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பெட்டி. அன்றைக்கு அந்தப் பின்பெட்டி காலியாகத்தான் இருந்தது. கித்துல்கலவிலிருந்து ஒரு கூட்டை ஏற்றி வரப் போனோம்.

கூடு என்றால் பறவைக்கூடு இல்லை. கெப் வண்டியின் பின்பெட்டிக்குள் தூக்கி வைக்கிற சின்ன அறை. தகரச் சுவர், கதவு, ஜன்னல், படுக்கை எல்லாம் உண்டு. கூரையை உள்ளிருந்து முட்டித் தூக்கினால் ஒன்றரை அடி மேலே எழும்பும். எழும்பிய இடத்தைச் சுற்றிக் கன்வஸ் சுவரும் நுளம்பு வலையும் விரியும். வெளிநாட்டுக்காரர்கள் இதில் படுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களாம். நாங்கள் ஊர் சுற்ற வாங்கவில்லை. என் தம்பி கணேசனைப் படுக்க வைக்க வாங்கினோம்.

கணேசன் குருவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், மேற்பிரிவு லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், இருக்கிறான். தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன், அவன் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் பாக்கு மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விட்டது. அவன் மனைவி ராணி ரப்பர் பால் வெட்டப் போகிறாள். அவள் தினமும் போய் வேலைக்குப் பேர் போடும்வரைதான் அந்த லயக் காம்பரா, அந்த ஒற்றை அறை, அவர்களுக்கு. அதனால் என்னோடு வந்து இருடா என்றால் வர மாட்டான். வந்தாலும் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏணி மாதிரிப் படிக்கட்டு.

லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது. மழை கூடினால் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை வரும், எல்லோரும் நாலு கிலோமீட்டர் கீழே இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். போன மழைக்கு அக்கம்பக்கத்து ஆண்கள் நாலு பேர் இவனைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் ஒருவருக்குக் கால் வழுக்கி, தம்பி கல்லில் விழுந்தான். பிறகு ஆறு நாள் சிமெண்டுத் தரையில் கிடந்து முதுகெல்லாம் புண். "அடுத்த தடவ என்னையத் தூக்காதீங்க. விட்டுட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டான். அந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து மழைச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் கிடையாது.

கித்துல்கல போய்ச் சேர எட்டு ஐந்து. எங்கள் கடை வாசலிலிருந்து மீட்டரில் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். ஆறு கலங்கி, கரை மூங்கிலைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. படகு விடுகிறவர்கள் எல்லோரும் சும்மா உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். ஆற்றோரத்தில் ஒரு பழைய விடுதியின் பின்புறம், பலா மரத்தடியில், கூடு நின்றது. விடுதிக்கார ஐயா கூரையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஏறிப் படுத்துப் பார்த்தேன். மெத்தை நல்ல மெத்தை. வலை வழியாக ஆறு தெரிந்தது. தம்பி இதில் புண் இல்லாமல் படுத்துக் கிடப்பான் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. விலை மூன்று இலட்சத்து எண்பதாயிரம். அதைப் பேசி முடித்தாயிற்று.

வினை ஏற்றும்போது வந்தது. கூட்டின் அடித்தளம் ஆறரை அடி நீளம். என் வீட்டுக்காரர் அதைப் போனிலேயே கேட்டு, எங்கள் வண்டியை அளந்து, "அச்சு அசலா ஆறரை, செஞ்சு வச்ச மாதிரி" என்று சொல்லியிருந்தார். படகுக்காரப் பையன்கள் எட்டுப் பேர் தூக்கி உள்ளே தள்ளினார்கள். அப்போதுதான் பார்க்கிறேன், கூட்டின் பின்பாகம் முழுவதும் திறந்து தொங்கிய பின்பலகையின்மேல் உட்கார்ந்திருக்கிறது!

"ஏங்க, நீங்க எதுவரைக்கும் அளந்தீங்க?"

"பலகை நுனி வரைக்கும்."

"பலகையை எதுக்கு அளந்தீங்க?"

"நம்ம வண்டியில பலகையை என்னைக்கு மூடியிருக்கோம்?"

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. அவர் சொன்னது உண்மை. பத்து வருடமாக ஷீட் கட்டு ஏற்றுகிறோம். ஷீட் கட்டு நீளம், டபுள் கெப்பின் பெட்டி குட்டை. அதனால் பின்பலகையை மடக்கித் திறந்துபோட்டு, அதன்மேலும் அடுக்கி, கயிறு கட்டி ஓட்டியே பழக்கம். எங்கள் தெருவில் எந்த ஷீட் கடைக்காரரைக் கேட்டாலும் பலகையோடு சேர்த்துத்தான் அளவு சொல்வார். உண்மையான பெட்டி ஐந்தே அடி. போதாக்குறைக்கு, கூட்டின் முன்பக்கத்தில் கூரைமேல் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு எங்கள் வண்டியின் உயரமான கூரையில் இடித்துக்கொண்டு இன்னும் அரை அடி முன்னால் போக மறுத்தது. இரண்டு அடி வெளியே. ரப்பர் ஷீட் வளைந்து கொடுக்கும். முந்நூறு கிலோ கூடு வளைந்து கொடுக்குமா?

"இறக்குங்க" என்றேன். "மெதுவா போனா ஒன்னும் ஆகாது" என்றார் இவர். மழை வலுத்தது. நானும் பேசாமல் ஏறினேன். அந்த இடத்தில் நான் விட்டுக்கொடுத்ததை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஒன்பது நாற்பது. யட்டியாந்தோட்டைப் பக்கம் இறக்கமும் வளைவுமாகப் பாதை ஆற்றை ஒட்டியே போகிறது. கொஞ்ச தூரத்தில் இவர் முகம் மாறியது. என்னிடம் மறைக்கப் பார்த்தார். பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தியவளிடம் மறைக்க முடியுமா?

"என்னங்க?"

"ஸ்டியரிங் லேசா இருக்கு."

"லேசா இருந்தா நல்லதுதானே?"

"இல்ல செல்வி. முன் டயர் ரோட்டப் புடிக்க மாட்டேங்குது."

பின்சக்கரத்துக்கும் பின்னால் அவ்வளவு பாரம் தொங்கினால் முன்பக்கம் எழும்பத்தானே பார்க்கும். ஒவ்வொரு வளைவிலும் வண்டி நினைத்த இடத்தில் திரும்பாமல் ஒரு முழம் தள்ளித் திரும்பியது. அந்த ஒரு முழத்துக்கு அப்பால் ஆறு. நான் கந்தனைக் கூப்பிட்டேன், கதிர்காமத்துக்கு நேர்ந்தேன், இவரைத் திட்டினேன், மறுபடி கந்தனைக் கூப்பிட்டேன். யட்டியாந்தோட்டை தாண்டி இரண்டு கிலோமீட்டரில் ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் விழுந்தது. டப் என்று வெடி மாதிரிச் சத்தம். பின்பலகையைத் தாங்கும் இரும்பு வார் ஒன்று அறுந்து, கூடு இடதுபக்கம் சரிந்து நின்றது.

பின்னால் வந்த மரலொறிக்காரர் நிறுத்தினார். பார்த்துவிட்டு, "அண்ணே, எல்லாரையும் கொல்லப் பாத்தீங்களே" என்றார். தன்னுடைய சங்கிலியையே எடுத்துக் கட்டிக் கொடுத்து, கரவனெல்ல கராஜ் வரைக்கும் எங்கள் பின்னாலேயே விளக்குப் போட்டுக்கொண்டு வந்தார். ஐந்து கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம்.

கராஜ் வைத்திருக்கும் சுனில் பாஸ் (மேஸ்திரிமாரை இங்கே பாஸ் என்போம்) வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, "பய வெண்ட எபா அக்கே" என்றார். பயப்படாதே அக்கா என்கிறார். சிங்களத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் அந்த வார்த்தையால் எனக்குப் பயம் குறைந்ததே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு ராணி போன் எடுத்தாள். "அண்ணி, செவப்பு வந்துருச்சு. கிராம சேவகரு வந்து எறங்கச் சொல்லிட்டுப் போனாரு. இவரைத் தூக்க நாலு பேரும் வந்து நிக்கிறாங்க, இவரு மாட்டேங்கிறாரு."

"தூக்க வேணாம்னு சொல்லு. நாங்க வண்டியோட வர்றோம். ரெண்டு மணிக்கு அங்க இருப்போம், அதுவரைக்கும் இருங்க."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். கல்லில் விழுந்த கதை என் மனதில் நின்றது, அவ்வளவுதான். நான் சொன்னதை அங்கே எத்தனை பேர் நம்பி நிற்பார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

பாஸ் வேலையை ஆரம்பித்தார். முதலில் பின்பலகையையே கழற்றி ஓரமாகச் சாத்தினார். வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்து, இருபக்கமும் கனமான இரும்புச் சட்டம் ஒவ்வொன்று போல்ட் போட்டு முடுக்கி, ஒன்றரை அடி பின்னால் நீட்டிவிட்டார். அந்த நீட்டலின்மேல் குறுக்கே ஒரு மரக்கட்டை. பெட்டியின் தரையில் நாலு அங்குலப் பலகை அடுக்கிக் கூட்டை உயர்த்தியதும் மூக்கு வண்டிக் கூரையைத் தாண்டியது. கூட்டை அரை அடி முன்னால் தள்ள முடிந்தது. பின்சுவரில் இருந்த அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, குட்டிக் குளிர்பெட்டி எல்லாவற்றையும் கழற்றிப்போட்டார். பற்றரியை முன்மூலைக்குக் கொண்டுபோனார்.

பலகைமேல் தகரம் வழுக்கும் என்று தலையைச் சொறிந்தார். சீட்டுக்கு அடியில் விலை பார்ப்பதற்காக வைத்திருந்த ஷீட் நாலைந்து கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். விரித்துப் போட்டார், கூடு பிடித்துக்கொண்டது. நாலு மூலையிலும் திருகி இறுக்கும் கம்பி கட்டினார். விளக்கையும் நம்பர் தகட்டையும் பின்னுக்கு மாற்றினார். வேலைக்கும் இரும்புக்கும் நாற்பத்தொன்பதாயிரம்.

புறப்படும்போது இவரிடம் கறாராகச் சொன்னார். கூட்டுக்குள் பின்பாதியில் ஒரு ஆள்கூட உட்காரக் கூடாது. முன்பாதியில் படுத்த ஆளும் துணைக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். மற்றவர்கள் எல்லோரும் முன் சீட்டில். ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கினால் நிறுத்திவிட வேண்டும்.

அதற்குள் மணி மூன்று இருபது. ராணியின் போன் வேலை செய்யவில்லை.

நாலு மணிக்கு அவிசாவளை. நாலரைக்கு எஹலியகொட. எங்கள் கடை வாசலைத் தாண்டிப் போனோம், நிறுத்தவில்லை. பரகடுவவில் வயலெல்லாம் குளம். ஐந்து பத்துக்குக் குருவிட்ட. மாணிக்கக் குழிகளில் வேலை நின்றுபோய், பம்புகள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. அங்கிருந்து தோட்டப் பாதை ஆறு கிலோமீட்டர்.

அந்தப் பாதையில் ஒரு பாலத்தடியில் லயத்து ஆட்கள் சிலர் பை, பாய், கோழிக்கூண்டோடு இறங்கி வந்தார்கள். கண்ணாடியை இறக்கி, "கணேசன் வந்துட்டானா?" என்று கேட்டேன்.

ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இல்லீங்க. அக்கா வண்டி கொண்டாறாங்கன்னு மேலேயே இருக்காரு. தூக்குறவங்களும் அவங்க குடும்பமும் அங்கனேயே நிக்கிறாங்க. அவரை விட்டுட்டு எப்படிங்க வருவாங்க?"

மதியமே இறங்கியிருக்க வேண்டியவர்கள். இரண்டு மணி என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஐந்தேகாலுக்குப் பாலத்தடியில் நிற்கிறேன். மலை விழுந்தால் அத்தனை பேரையும் நிறுத்தி வைத்தது நான்தான். நான் அழவில்லை, அழக்கூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

இரண்டாவது கொண்டை ஊசி வளைவில், நாலு சக்கரமும் இழுக்கிற கியரில் போட்டும், பின்சக்கரம் சேற்றில் வழுக்க, முன்சக்கரம் சும்மா சுற்றியது. வண்டி மேலேயும் போகவில்லை, திரும்பவும் இல்லை. இவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு, "எறங்கு, எறங்கு" என்றார். இறங்கினேன். பின்னால் பார்த்தால் பள்ளம், முன்னால் பார்த்தால் மூக்கைத் தூக்கி நிற்கும் வண்டி. கடைசி ஆட்களாக இறங்கி வந்துகொண்டிருந்த பால் வெட்டும் பெண்கள் மூவர் என்னைப் பார்த்து நின்றார்கள்.

"என்னங்க ஆச்சு?"

"முன்னாடி பாரம் பத்தல."

"இவ்வளவுதானா? நாங்க என்ன பஞ்சா?" என்று ஒருத்தி வாளியைக் கீழே வைத்தாள். மூவரும் முன்கம்பியில் ஏறி உட்கார்ந்து பொனட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நானும் ஏறினேன். எழுபத்தெட்டுக் கிலோ உடம்புக்கு இவர் வாழ்நாளெல்லாம் கேலி பண்ணியிருக்கிறார், அன்றைக்குக் கண்ணாடி வழியாகக் கும்பிட்டார். நாலு பெண்கள் முன்னால் உட்கார்ந்த கனத்தில் சக்கரம் மண்ணைக் கவ்வியது. கொட்டும் மழையில், எஞ்சின் சூடு தொடையில் படப் பட, பெரட்டுக்களம் வரைக்கும் அப்படியே போனோம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற மைதானம் அது. அதற்கு மேலே நாற்பது படி ஏறினால் லயம். அந்தப் பெண்கள் நன்றி சொல்லக்கூட நேரம் தராமல் திரும்பிக் கீழே நடந்துவிட்டார்கள்.

மணி ஐந்து ஐம்பது. லயத்து வாசலில் பதினொரு பேர். தம்பி, ராணி, அவர்கள் மகன், தூக்க வந்த நாலு ஆண்கள், அவர்களின் பிள்ளைகள் மூன்று, அந்த நால்வரில் ஒருவரான முருகையாவின் மனைவி புஷ்பா. அவளுக்கு எட்டு மாதம். கொல்லைப்புற வாய்க்காலில் தண்ணீர் சேறாக ஓடியது. காலையில் தெளிந்து ஓடிய தண்ணீர் என்று ராணி சொன்னாள். மலை உள்ளே கரைகிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஏன்டா நீங்க எறங்கல?" என்று கத்தினேன்.

"நீதானேக்கா இருக்கச் சொன்ன" என்றான் தம்பி.

கம்பளியில் போட்டு நாற்பது படி இறக்கினார்கள். இந்த முறை யாரும் வழுக்கவில்லை. கூட்டின் கதவைத் திறந்ததும் தம்பி, "புஷ்பாவை மொதல்ல ஏத்துங்க" என்றான்.

"அவ முன்னால உக்காருவா. நீ ஏறு."

"எல்லாரும் ஏறுனாத்தான் நான் ஏறுவேன்."

"எல்லாரும் ஏறுனா வண்டி கவுந்துரும்டா, பாஸ் சொல்லியிருக்காரு!"

"அக்கா, இவங்க மத்தியானமே போயிருக்கலாம். எனக்காக நின்னாங்க. நான் மெத்தையில படுத்துக்கிட்டு இவங்களை நடக்க விட்டுட்டுப் போனா, அப்புறம் இந்த லயத்துல எந்த மொகத்தோட இருக்கிறது?"

எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அவன் பேசியதில் தப்பும் இல்லை. முருகையாதான் வழக்கை முடித்தார். "கணேசு, நாங்க நடந்து பழகுனவங்க. நீ ஏறுனாத்தான் நாங்க நடக்க முடியும். நேரத்தக் கடத்தாத." சொல்லிக்கொண்டே தம்பியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்.

முன் சீட்டில் இவர், புஷ்பா, நாலு பிள்ளைகள். கூட்டின் முன்பாதியில் தம்பியும் அவனைப் பிடித்துக்கொள்ள முருகையாவும். மிச்சம் மூன்று ஆண்கள், ராணி, நான் ஐந்து பேரும் நடை. இவர் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து முதல்முறையாக அவர் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். "மெதுவா வாங்க" என்றேன்.

ஏற்றத்தில் தூக்கிய மூக்கு இறக்கத்தில் நன்றாகவே அமுங்கி இருந்தது. முதல் கியரில் நடை வேகத்தில்தான் வண்டி இறங்கியது, நாங்கள் பின்னாலேயே நடந்தோம். ஒவ்வொரு வளைவிலும் கூடு ஒருபக்கம் சாய்ந்து, நின்று, நேராகும். நேராகும்வரை நான் மூச்சு விடவில்லை. ஒரு தடவை மேலே எங்கேயோ மரம் முறிகிற சத்தம் கேட்டது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். பனிமூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ராணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். நானும் ஓடினேன்.

ஆறு ஐம்பதுக்குப் பள்ளிக்கூட மைதானம். கூரையை முட்டித் தூக்கி, கன்வஸை இழுத்துக் கட்டினோம். புஷ்பாவும் பிள்ளைகளும் கூட்டுக்குள் தம்பிக்குப் பக்கத்தில் படுத்தார்கள். வண்டி நின்றுவிட்டதால் அடியில் கட்டை முட்டுக்கொடுத்தாயிற்று, பாரத்துக்குப் பயமில்லை. நாங்கள் சிமெண்டுத் தரையில் படுத்தோம்.

மலை விழவில்லை. ஞாயிறு காலை வெயில் அடித்தது. மைதானத்திலிருந்து பார்த்தால் லயத்துக் கூரை சின்னதாக, அப்படியே தெரிந்தது. எல்லோரும் கைகூப்பினார்கள். நானும் கும்பிட்டேன். கும்பிட்டு முடித்த கையோடுதான் புரிந்தது. விழுந்திருந்தால் வேறு இடம் கேட்கலாம். விழாத மலைக்குக் கீழே திரும்பிப் போய்க் குடியிருக்கத்தான் சொல்வார்கள்.

வண்டியை அங்கேயே விட்டுவரலாம் என்று சொன்னது நான் இல்லை, இவர். "மழை முடியிற வரைக்கும் நிக்கட்டும். ஷீட்டுக்கு வாடகை லொறி பாத்துக்கலாம்" என்றார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் முருகையாவிடம் சாவியைக் கொடுத்தோம். முதல் ஏற்றத்திலேயே முன்கம்பியில் மூன்று பேரை உட்கார வைக்கும்படி இவர் சொல்லிக்கொடுத்தார். குருவிட்டவில் பஸ் ஏறி, பதினேழு கிலோமீட்டர், மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாழைத்தோட்டமும் ஒரு மதிலும் இருக்கின்றன. இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் பின்ஜன்னலைத் திறந்து, அங்கே மலை இல்லை என்பதை நின்று பார்த்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் தம்பி போன் எடுத்தான்.

"மேல போகச் சொல்லிட்டாங்கக்கா. வந்துட்டோம். ராணி நாளைக்கிப் பேர் போடுறா."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். யாரைத் திட்டுவது?

"வண்டி எங்க நிக்கிது?"

"பெரட்டுக்களத்துல."

"எந்தப் பக்கம் பாத்து நிக்கிது?"

அவன் சொன்னான், "கீழ பாத்துத்தான்க்கா."